கடவைகளின் நிலம்: உலகம் தாண்டும் நாவல் எழுதுவோருக்கு வன்னியில் ஐந்து நாள்

முதல் நாள்: வவுனியா, ஓமந்தை, முறிகண்டி

உலகம் விட்டு உலகம் போகிற பெரிய மிகைபுனைவு நாவல் எழுத இறங்குகிறவர்கள் முதலில் வரைபடம் கீறுவார்கள். மலை, கடல், கோட்டை, அரச வம்சம் எல்லாம் ஒரு மாதத்தில் வந்துவிடும். இரண்டு உலகங்களையும் இணைக்கிற வாசல் மட்டும் வெறும் ஒளிவட்டமாக நின்றுவிடும். கால் வைத்தால் அந்தப் பக்கம். நாலாம் அத்தியாயத்திலேயே கதை தொய்ந்துபோவது இதனால்தான். போவதும் வருவதும் இலேசு என்றால் போகிறவர் எதையும் இழப்பதில்லை. இலங்கையின் வடக்கே உள்ள வன்னியை ஐந்து நாள் சுற்றினால் அந்த வாசலை எப்படிக் கட்டுவது என்று கண்ணாலேயே பார்க்கலாம். அதற்கான குறிப்புகள் இவை, அன்றன்று இரவு எழுதியவை.

வாசலுக்கு எங்கள் பேச்சிலேயே நல்ல சொல் இருக்கிறது: கடவை. புகையிரதக் கடவை, பாதசாரிக் கடவை என்று தினமும் சொல்கிறோம். கடவுச்சீட்டும் அதே வேர்தான். வளவு வேலியில் விடுகிற கடப்பை ஒருதரம் உற்றுப் பாருங்கள். குறுக்கே இரண்டு தடி போட்டிருக்கும். ஆள் காலைத் தூக்கித் தாண்டலாம், மாடு தாண்டாது. நாவலின் கடவைக்கும் முதல் கேள்வி அதுதான்: எது தாண்டும், எது தாண்டாது?

வவுனியாவிலிருந்து கண்டி வீதியில் வடக்கே, பஸ்ஸில் அரை மணித்தியாலத்துக்குள் ஓமந்தை வந்துவிடும். இன்று இறங்கி நிற்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. 2002 இல் பாதை திறந்தபோது ஒரே நாட்டுக்குள் அரசு, புலிகள் என்ற இரண்டு ஆட்சிகள் சந்தித்த சோதனைச் சாவடி இது. ஒரு பக்க வாகனத்தில் வந்து இறங்கி, பொதியை அவிழ்த்துக் காட்டி, நடுவில் இருந்த சூனியப் பிரதேசத்தைத் தாண்டி, மறுபக்கத்தில் திரும்பவும் அவிழ்த்துக் காட்டி, வேறு வாகனம் பிடிக்க வேண்டும். அதற்கு முந்தைய வருடங்களில் வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் எடுக்க வேண்டும், பாஸுக்குப் பிணை நிற்க ஆள் வேண்டும். போனவர் திரும்பாவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டிலேயே இருந்தார். இந்த ஒரு விதியை நாவலில் வைத்தால் போதும், உலகம் தாண்டுகிற ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு முகம் வந்துவிடும்.

நேரத்தைப் பாருங்கள். 1996 மே மாதம் அரசு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. 2006 ஏப்ரலில் நாடு முழுவதும் பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை சாவடிக்குத் தெற்கே பத்து மணி என்றால் வடக்கே ஒன்பதரை. வடக்கேயிருந்து பத்து மணிக்கு வந்து வரிசையில் இரண்டு மணித்தியாலம் நின்றவர் தெற்கே காலடி வைத்தபோது பன்னிரண்டரை. அந்தப் பக்கம் பிடிக்க நினைத்த பஸ் பன்னிரண்டே காலுக்குப் போயிருக்கும். மந்திரம் எதுவும் தேவைப்படாத நேர வித்தியாசம் இது. நூறு வருடம், ஆயிரம் வருடம் என்று வித்தியாசம் வைக்கிறவர்கள் அரை மணித்தியாலத்தின் வலியை யோசிப்பதில்லை. சின்ன வித்தியாசம்தான் தினமும் அறுக்கும்.

பொருள்களும் அப்படித்தான். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பற்றரியும் எரிபொருளும் உள்ளே வரத் தடை. அதனால் என்னென்ன நடந்தது என்பதுதான் எழுதுகிறவர் பிடிக்க வேண்டிய இடம். மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் பற்றாது என்பதால் சில துளி பெற்றோல் விட்டு உதைத்துக் கிளப்பி, எஞ்சின் சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். இரவுக்கு ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் எண்ணெய், நூல் அளவில் திரி. சுற்றிலும் கண்ணாடி இருப்பதால் காற்றுக்கு அணையாது, எண்ணெயும் அதிகம் குடிக்காது. கடவை ஒரு பொருளை மறித்தால் மறுபக்கத்து உலகம் அதைச் சுற்றி வளைந்து வேறொன்றைக் கண்டுபிடிக்கும். அந்த வளைவை எழுதிவிட்டால் அந்த உலகத்துக்கு உயிர் வந்துவிடும்.

160 பக்கச் சீஆர் கொப்பி ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். ஒரு கடவைக்கு ஒரு பக்கம். இருக்கும் இடம், திறந்திருக்கும் காலம், தாண்டாத பொருள், கொடுக்க வேண்டியது, இரு பக்க நேரம், அதை அறிந்தவர் யார். அத்தியாயம் எழுதும் ஒவ்வொரு தடவையும் இரண்டு உலகத்துத் திகதியையும் பக்கம் பக்கமாகக் குறித்துவையுங்கள். குறிக்காமல் விட்டால் நடுப்பகுதியில் பிழைக்கும்: இங்கே அறுவடை நடக்கிற நாளில் அங்கிருந்து வந்தவர் நேற்று விதைப்பைப் பார்த்ததாகச் சொல்லுவார். நீண்ட நாவல்களில் வாசகர் முதலில் பிடிக்கிற பிழையும் இதுதான்.

இரவு தங்கல் கிளிநொச்சி. வழியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லா வாகனமும் நிற்கும். கற்பூரம், தேங்காய், பிறகு கச்சான். ஒரு கடவைக்குப் பக்கத்தில் வழிபாடு தோன்றும், வழிபாட்டுக்குப் பக்கத்தில் கடை தோன்றும். உங்கள் கடவைக்கு முன்னால் என்ன விற்கிறார்கள்?

இரண்டாம் நாள்: இரணைமடு

விடிய ஆறு மணிக்குக் குளக்கட்டில் நிற்பது நல்லது, வெயில் ஏறினால் கட்டில் நிழல் கிடையாது. வட மாகாணத்தின் மிகப் பெரிய குளம் இது. கனகராயன் ஆறு வந்து விழுகிறது. மிஞ்சியது சுண்டிக்குளம் கடல்நீரேரிக்குப் போகிறது.

புது உலகத்தில் இறங்குகிற குழு முதலில் தேட வேண்டியது தண்ணீர். இதைச் சொல்லாத நாவலே இல்லை. கணக்குப் போட்ட நாவல்தான் குறைவு. இங்கேயே போட்டுவிடலாம். வன்னிக் கோடையில் நடக்கிற ஆளுக்குக் குடிக்க ஐந்து லீற்றர், சமைக்க ஒரு லீற்றர். அரிசியும் பருப்பும் கருவாடும் சேர்த்து அரைக் கிலோ. நாளொன்றுக்கு ஆறரைக் கிலோ. தோளில் 25 கிலோவுக்கு மேல் வைத்துப் பற்றைக்காட்டில் நாள் முழுக்க நடக்க முடியாது. ஆக, நாலு நாள்கூட முழுதாக வராது. இரண்டு நாள் போக, இரண்டு நாள் திரும்ப. வழி வெட்டிப் போகிற காட்டில் ஒரு நாளைக்குப் பத்துக் கிலோமீற்றர் போனால் பெரிய காரியம். தண்ணீர் காணாத குழு கடவையிலிருந்து இருபது கிலோமீற்றருக்கு அப்பால் எதையும் பார்த்திருக்க முடியாது.

மாட்டுவண்டி கட்டினால் தீர்ந்துவிடும் என்று தோன்றும். வண்டி 600 கிலோ இழுக்கும் என்று வையுங்கள். ஆறு பேருக்கு நாளைக்கு 39 கிலோ. இரண்டு மாடும் 70 லீற்றர் குடிக்கும். மொத்தம் 109 கிலோ. ஐந்தரை நாளில் வண்டி வெறும் வண்டி. அதற்கு மேல் மாட்டுக்குப் புல் வேண்டும், சக்கரத்துக்குத் தடம் வேண்டும். வண்டியைச் சேர்த்ததால் கிடைத்தது முக்கால் நாள் தூரம். ஆழமாகப் போக ஒரே வழி, முதல் குழு நடுவழியில் தண்ணீரை இறக்கிவைத்துத் திரும்புவது; இரண்டாம் குழு அதை எடுத்துக்கொண்டு மேலே போவது. இறக்கிவைத்த தண்ணீரை யாரோ குடித்துவிட்டார்கள் என்ற ஒரு வரியில் முழுக் கதையும் திரும்பும்.

குளத்தின் பாகங்களைப் பெயர் சொல்லிப் பழகுங்கள்: கட்டு, துருசு, வான், வாய்க்கால். துருசைத் திறந்தால் வாய்க்காலுக்கு நீர். குளம் நிரம்பி மிஞ்சினால் வான் பாயும். மாரி முற்றின மார்கழியில் “குளம் வான் பாயுதாம்” என்று ஊர் முழுக்க ஒரே பேச்சாக இருக்கும். பெரும்போகம் மழையை நம்பி, சிறுபோகம் குளத்தை நம்பி. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பது குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்பதைப் பார்த்துக் கூட்டம் கூடி எடுக்கிற முடிவு. அரசர் இல்லாத இடத்திலும் அரசியல் எப்படி நடக்கும் என்று பார்க்க விரும்புகிறவர் அந்தக் கூட்டத்தை மனதில் வைத்து எழுதலாம்.

கட்டின் அடிவாரத்தில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. நீர் கசியும். கசிகிற நீர் தெளிவாக இருந்தால் பயமில்லை, கட்டு மூச்சு விடுகிறது. கலங்கி வந்தால் உள்ளேயிருந்து மண் அரித்து வருகிறது என்று அர்த்தம். நண்டு வளையோ எலி வளையோ கறையான் புற்றோ குழாய் போலாகிவிட்டது. அப்போது ஓட்டையை அடைக்கக் கூடாது. அடைத்தால் நீர் வேறு இடத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். ஊற்றைச் சுற்றி வட்டமாக மண்மூட்டை அடுக்கி, உள்ளே நீர் உயர விட வேண்டும். உயர்ந்த நீரின் பாரமே எதிர்த்து அழுத்தி மண் போவதை நிறுத்தும். இரண்டு உலகங்களுக்கிடையில் கசிவு வருகிற கதை எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல இயந்திரம் கிடைக்காது. கசிவின் நிறம் மாறுகிறதைக் கவனிக்கிற ஒரு கிழவரை வையுங்கள், மந்திரவாதி வேண்டாம்.

2018 டிசம்பரில் மழை கொட்டி வான்கதவுகள் திறந்தபோது கீழே ஊர்கள் வெள்ளத்தில் நின்றன. இன்னொரு பக்கம், இந்தக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொண்டுபோகிற திட்டத்தைக் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள். அங்கே கிணறு உவர், இங்கே சிறுபோகத்துக்கே போதாது. இரண்டு பக்கமும் நியாயம். இரண்டு உலகத்தாரும் சண்டை பிடிக்கக் காரணம் தேடுகிறவர்கள் தொலைந்த கிரீடத்தை விட்டுவிட்டு இதை எடுக்கலாம்.

மூன்றாம் நாள்: ஒட்டுசுட்டான், முள்ளியவளை, வட்டப்பளை, முல்லைத்தீவு

மாங்குளத்தில் திரும்பி முல்லைத்தீவு வீதி. வீதியை விட்டுக் காட்டுக்குள் இறங்கும் எண்ணம் இருந்தால் ஒன்று: கண்ணிவெடி என்று எச்சரிக்கிற, மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்ட இடத்தில் அப்படியே நின்று, வந்த அடியிலேயே திரும்புங்கள். பலகை இல்லாத இடத்திலும் ஆள் புழங்குகிற ஒற்றையடிப் பாதையை விடாதீர்கள். தெரியாத இரும்பைத் தொடாதீர்கள். ஆனை நடமாடுகிற பக்கங்களில் மாலை ஐந்து மணிக்குப் பிறகு சைக்கிளில் போவதை ஊரவர்களே தவிர்ப்பார்கள்.

ஒட்டுசுட்டானுக்குக் கிட்டக் கற்சிலைமடுவில் 1803 ஒக்டோபர் 31 ஆம் திகதியைத் தாங்கிய நடுகல் ஒன்று. வன்னிச் சிற்றரசர் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த பிரித்தானியத் தளபதி வொன் டிறிபேர்க்கின் பெயரும் அதில் உண்டு. அதே வருடம்தான் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்திருந்தார். வென்றவர் நட்ட கல்லைத் தோற்றவரின் ஊர் தன் வீரனின் நினைவிடமாக ஆக்கிக்கொண்டது. வன்னிக்கு அடங்காப்பற்று என்றும் பழைய பெயர். அந்தப் பெயரை வெளியார் எப்படி உச்சரித்திருப்பார்கள், உள்ளூரார் எப்படி உச்சரித்திருப்பார்கள் என்று யோசிப்பது நாவலாசிரியருக்கு நல்ல பயிற்சி.

வட்டப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு உப்புநீரில் விளக்கெரியும் என்பது ஊர் நம்பிக்கை. கொஞ்சம் ஒழுங்காகப் பாருங்கள். பாக்குச் சேகரிக்கிற பாக்குத் தெண்டல் சடங்கில் தொடங்கும். பொங்கலுக்கு ஒரு கிழமை முன்னர், திங்கட்கிழமை, கடலில் தீர்த்தம் எடுப்பார்கள். அது நடையாக முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலுக்கு வரும். அங்கே ஒரு கிழமை அந்த நீரில் விளக்கு. பிறகு வட்டப்பளை. நாள், கரை, பாதை, சுமப்பவர், விளக்கு என்று எல்லாம் குறித்தது. ஒன்றையும் மாற்ற ஏலாது. இந்த நம்பிக்கையை எடுத்து நாவலுக்குள் போடச் சொல்லவில்லை. அது இங்கே வாழ்கிறவர்களுக்கு உரியது. அதன் கட்டுக்கோப்பை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். கைகளை விரித்தவுடன் நெருப்பு வருகிற மந்திரம் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. ஒரு கிழமை காத்து, ஒரே கரையில் எடுத்து, காலால் நடந்து கொண்டுவந்த நீர் எரிந்தால் வாசகர் மூச்சை அடக்கிக்கொண்டு வாசிப்பார்.

நந்திக்கடலோரம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2009 இல் இந்த நீரேரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் நடந்ததை நாவலின் பின்னணித் திரையாக எடுக்க வேண்டாம். காணாமற்போனவர்களைத் தேடுகிறவர்கள் இன்னும் வீதியோரம் இருக்கிறார்கள். கதை கேட்டு அவர்களிடம் போகாதீர்கள். தாங்களாகச் சொன்னால் கொப்பியை மூடிவைத்துக் கேளுங்கள்.

இரவு முல்லைத்தீவுக் கடற்கரையில் வானம் தெளிவாக இருந்தால் வடக்கே திரும்புங்கள். கையை முழுதாக நீட்டி, விரல்களை மடக்கி முட்டி பிடித்து, அதன் அடியைக் கடலும் வானும் முட்டுகிற கோட்டில் வையுங்கள். முட்டியின் மேல் விளிம்பை ஒட்டித் துருவ நட்சத்திரம் மங்கலாக நிற்கும். ஒரு முட்டி கிட்டத்தட்டப் பத்துப் பாகை. முல்லைத்தீவு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பதே கால் பாகை. புது உலகத்தில் முதல் இரவு உங்கள் வழிகாட்டி செய்ய வேண்டியது இதுதான்: சுழலாமல் நிற்கிற நட்சத்திரம் ஒன்று உண்டா, உண்டென்றால் எத்தனை முட்டி உயரம்? பகலில் என்றால் ஒரு நேர்த்தடி போதும். சித்திரை வருடப் பிறப்பை ஒட்டியும் ஆவணி நடுவிலும் இங்கே மதியம் பன்னிரண்டு தாண்டிச் சில நிமிடத்தில் தடிக்கு நிழல் இல்லாமல் போகும். அந்த நாளை இரண்டு உலகத்திலும் ஒப்பிட்டால் கிழமைக்கணக்கில் கணக்குத் தவறியவர்கூடத் திகதியைப் பிடித்துவிடலாம்.

நாலாம் நாள்: மாங்குளம், மல்லாவி, வெள்ளாங்குளம், மன்னார்

நாள் முழுக்க வீதி. ஊர்ப் பெயர்ப் பலகைகளை மட்டும் எழுதிக்கொண்டு வந்தாலே போதும். வன்னி ஊர்கள் சில: புளியங்குளம், மாங்குளம், வவுனிக்குளம், நெடுங்கேணி, தண்ணிமுறிப்பு, முத்தையன்கட்டு. பலவற்றில் முன்பாதியில் மரமோ ஆளோ, பின்பாதியில் நீர். முறிப்பு என்றால் உடைப்பு. மோட்டை சின்னக் குளம், மடு ஆழமான பள்ளம். பெயரை வாசித்தாலே அங்கே தண்ணீர் எந்த வடிவத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். கற்பனை உலகத்துக்கு வாயில் நுழையாத எழுத்துக்களை அடுக்கிப் பெயர் வைப்பதை விட, இப்படிப் பத்துப் பின்னொட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். அறுபது ஊர் தானாகப் பிறக்கும், வாசகருக்கும் வழி தப்பாது.

மேற்கு வீதியில் இலுப்பைக்கடவை வருகிறது. கடவை என்ற சொல் ஊர்ப்பெயராகவே நிற்கிறது.

மன்னாரை நெருங்கும்போது இன்னொன்று. அனுராதபுரப் பக்கம் மல்வத்து ஓயா என்று ஓடுகிற ஆறு இங்கே வந்தபின் அருவி ஆறு. அதன் நீர் நிரப்புகிற கட்டுக்கரைக் குளம் சிங்களத்தில் யோத வெவ, ஆங்கில வரைபடத்தில் இராட்சதன் குளம். ஒரே நீருக்கு மூன்று பெயர். உங்கள் நாடுகாண்பவர் வரைபடத்தில் மூன்று குளமாகக் கீறிவிட்டு, பின்னால் வருகிறவர் அதை நம்பித் தண்ணீர் எடுக்காமல் வரட்டும். அந்தப் பிழை உண்மையில் நடக்கக்கூடியது.

ஐந்தாம் நாள்: அரிப்பு, பள்ளிமுனை, தலைமன்னார்

காலையில் வங்காலை வழியாக அரிப்பு. கடலோரத்தில் இடிந்து நிற்பது பிரித்தானியரின் முதல் ஆளுநர் பிரெடரிக் நோர்த்துக்காக 1801 க்கும் 1804 க்கும் இடையில் கட்டிய மாளிகை. முத்துக்குளிப்பை மேற்பார்க்க வந்து தங்குவதற்கு. கடல் அடிவாரத்தை அரித்துக்கொண்டு வருவதால் சுவருக்குக் கீழே நிற்காதீர்கள்.

இந்தக் கரைக்கு முன்னால் கடலுக்கடியில் முத்துப் படுகைகள். வேறொரு உலகத்துக்குள் இறங்கி ஏறுவதை மனிதர் எப்படி ஒழுங்குபடுத்தினார்கள் என்பதற்கு முத்துக்குளிப்பு முழுமையான மாதிரி. வாடை (வடகிழக்குக் காற்று) ஓய்ந்து சோளகம் (தென்மேற்குக் காற்று) எழும்பாத இடைவெளியில், மாசி பங்குனி சித்திரையில் மட்டும்தான் கடல் இடம் கொடுக்கும். அன்று குளிகாரர் தனியே இறங்கியதில்லை. அவருக்கென்று மேலே கயிறு பிடிக்க ஒருவர். இரண்டு கயிறு: ஒன்றில் கல், மற்றதில் சிப்பி போடும் வலைக்கூடை. கல்லில் கால் வைத்து, மூக்கைப் பிடித்து, ஐந்து முதல் பத்துப் பாகம் (பாகம் என்றால் ஆறடி) ஆழத்துக்குக் கல்லின் பாரத்தில் இறங்குவார். தரை தட்டியதும் கல்லை விட மேலே இழுத்துவிடுவார்கள். கீழே கிடைப்பது ஒரு நிமிடம் சொச்சம். கயிற்றை அசைத்தால் தூக்க வேண்டும். கயிறு பிடிப்பவர் கண் அயர்ந்தால் கீழே உள்ளவர் போனார். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்கிறவருக்கும் ஊதியம் உண்டு. அவர் இல்லாமல் குளிகாரர் இறங்க மறுப்பார்கள்.

பங்கு அதைவிட முக்கியம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒன்று குளிகாரருக்கு, இரண்டு அரசுக்கு. அரசின் சிப்பி ஆயிரம் ஆயிரமாகத் திறக்காமலே ஏலம் போகும். உள்ளே முத்து உண்டா என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. வாங்கியதை அழுகவிட்டுக் கழுவித்தான் பார்க்க வேண்டும். அந்த நாற்றத்துக்கு நடுவில் மரிச்சுக்கட்டியில் பல்லாயிரம் பேரோடு ஒரு தற்காலிக நகரம் எழும்பி, பருவம் முடியக் காணாமற் போகும். 1906 இல் படுகைகளை ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு நீண்ட குத்தகைக்கு விட்டார்கள். மறு வருடத்துக் குளிப்போடு முத்து வற்றிப் போனது. உலகம் தாண்டுகிற பயணத்துக்குப் பணம் யார் போடுகிறார், வரும்படி யாருக்கு, கயிறு பிடிப்பவருக்கு எவ்வளவு என்று இந்த அளவில் எழுதினால் அரசவை அத்தியாயங்களில் பாதியை வெட்டிவிடலாம்.

மத்தியானம் பள்ளிமுனையில் பெருக்கமரம். அடி பெருத்து, மேலே வேர் போலக் கிளை விரித்த ஆபிரிக்க மரம். அரபு வணிகர் கொண்டுவந்து நட்டது என்பது வழக்கு. மன்னார்த் தீவில் தெருத்தெருவாகத் திரிகிற கழுதைகளுக்கும் அதே கதைதான் சொல்வார்கள். முன்பு யாரோ இந்தக் கடவையால் வந்துபோனார்கள் என்பதைச் சொல்லப் பழைய சுவடியும் தீர்க்கதரிசனமும் தேவையில்லை. அந்த மண்ணுக்கு உரியதல்லாத ஒரு மரம் தனியே நின்றால் போதும்.

பின்னேரம் தலைமன்னார். இங்கிருந்து தனுஷ்கோடிவரை 30 கிலோமீற்றர் அளவுக்கு மணல்திட்டுகள் விட்டுவிட்டுக் கிடக்கின்றன. இடையில் சில இடங்களில் ஆளாழம்கூட இல்லை. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அங்கே ரயிலும் இங்கே ரயிலும், நடுவில் கப்பலும் ஓடின. திட்டுகளுக்கு வடக்கே பாக்குக்கடல், தெற்கே மன்னார் வளைகுடா. சோளகம் வீசும் மாதங்களில் தெற்குப் பக்கம் கொந்தளிக்க வடக்கு அடங்கியிருக்கும். வாடையில் அது தலைகீழ். நடுவில் இருப்பது ஒரு கீற்று மணல்தான். ஒரே கடவையை இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே காலத்தில் அணுக முடியாது என்ற விதியை இங்கே நின்று எழுதிக்கொள்ளலாம். போனவர் திரும்பக் காற்று மாறும்வரை ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தில் இரண்டாம் பாகம் முழுவதும் அடங்கும்.

மணல்திட்டுகள் ஒவ்வொரு காற்றுக்கும் கொஞ்சம் நகரும், கொஞ்சம் கரையும், புதிதாக ஒன்று எழும்பும். கொப்பியில் கடவையின் இடம் என்று குறித்த கட்டத்தைப் பேனாவால் எழுதாதீர்கள், பென்சில். பக்கத்தில் எந்தக் காற்றில் அளந்தது என்று ஒரு சொல்.